மாமியார் எழுந்துட்டாங்க

பிப்ரவரி 5

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டதாக உங்கள் மகள் போனில் சொன்னார். உங்களிடம் கொடுக்கச் சொன்னேன். குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மறுநாள் கூப்பிட்டேன், அப்போதும் குளித்துக்கொண்டிருந்தீர்கள். நேற்றும் அப்படித்தான். அதனால்தான் கடிதம்.

என்ன நடந்தது அத்தை? காலையில் வாலுவுக்குத் தலை பின்னி அனுப்பினீர்கள், நான் கோட்டைக்கு வேலைக்குக் கிளம்பும்போது வீட்டில்தான் இருந்தீர்கள். மத்தியானம் வந்து பார்த்தால் போர்வை மடித்து வைத்திருக்கிறது, பெட்டியைக் காணவில்லை, வீட்டுச் சாவி கோட்டை டிக்கெட் கவுண்டரில் இருக்கிறது. "ஊருக்குப் போறேன்னு சொல்லச் சொன்னாங்க" என்று கவுண்டர் அக்கா சொன்னார். அவ்வளவுதான். உங்கள் மகன் கப்பலிலிருந்து பேசும்போதெல்லாம் "அம்மா எங்கே" என்கிறார். நானும் குளிக்கிறாங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. கோடை விடுமுறைக்குக் கோட்டையில் ஒலி ஒளிக் காட்சி ஆரம்பிக்கிறோம். இருட்டிய பிறகு சுவர்களில் விளக்கு போட்டு, பாட்டும் வசனமுமாகக் கோட்டையின் கதையைச் சொல்வது. பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகிற கூட்டம் ஒரு ராத்திரியாவது இங்கே தங்கும் என்பது எங்கள் சுற்றுலாத் துறை டைரக்டரின் யோசனை. அதில் குட்டி ராணியாக நம் வாலுவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பெரிய வாசல் வழியாக முதலில் நடந்து வரப்போவது அவள்தான். "பாட்டி முதல் வரிசையில உக்காரணும்" என்று இப்போதே நாற்காலிக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறாள்.

என் மேல் குறை இருந்தால் எழுதுங்கள். திருத்திக்கொள்கிறேன்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 11

மேடத்துக்கு,

லெட்டர் கிடைச்சுது. நான் அஞ்சாங்கிளாஸோட நின்னவ. எழுத்து கோணலாத்தான் இருக்கும், கஷ்டப்பட்டுப் படிச்சுக்கோங்க. போன்ல ஏன் பேசலேன்னா, போன்ல பேசினது காத்தோட போயிடும், நாளைக்கு நான் எப்ப அப்படிச் சொன்னேன்னு கேப்பீங்க. காகிதத்துல எழுதினா எழுதினதுதான்.

ஏன் வந்தேன்னு கேக்கிறீங்க. உங்களுக்குத் தெரியாதா? உங்களுக்கும் தெரியும், உங்க ஆளுங்களுக்கும் தெரியும், அந்த மீசைக்கார வாட்ச்மேனுக்கு ரொம்ப நல்லாவே தெரியும். அதை என் வாயால வேற சொல்லணுமா?

நான் எதையும் மறக்கிறவ இல்ல. கல்யாண போட்டோவுல என்னை ஓரத்துல நிறுத்தி, பாதி மூஞ்சியை வெட்டி, அதையே பெருசாக்கி ஹால்ல மாட்டினீங்க. வர்றவங்க எல்லாம் "இது யாரு, ஒத்தக் கண்ணு?"ன்னு கேட்டாங்க. சும்மா இருந்தேன். நான் தையல் போட்டுக் கொடுத்த தலகாணி உறை வாசல்ல கால் துடைக்கக் கிடந்தது. அதுக்கும் சும்மா இருந்தேன். இந்தத் தடவை சும்மா இருக்க முடியல, கிளம்பிட்டேன்.

அது கிடக்கட்டும். பெரிய வாசல்னா, அந்த வளைவுக்குக் கீழேயா? நான் கிளம்பின வாரம்தான் அங்க தேன்கூடு வந்து தொங்கிச்சு. கறுப்பா, ஒரு கட்டிலைக் கவுத்துப் போட்ட மாதிரி. அதுக்குக் கீழே விளக்கு போட்டு என் பேத்தியை நடக்க விடப் போறீங்களா?

அவளுக்கு அஞ்சு வயசுல ஒரே ஒரு தேனீ கொட்டிச்சு. செருப்புக்குள்ள இருந்த சின்னத் தேனீ. உதடு வீங்கி, கண்ணு மூடி, மூச்சு விசிலடிக்கிற மாதிரி வந்துச்சு. தூக்கிக்கிட்டு ஓடினவ நான். நீங்க மீட்டிங்ல இருந்தீங்க. "இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா"ன்னு டாக்டர் சொல்லிட்டுப் பாதியிலேயே நிறுத்தினார். அவர் நிறுத்தின இடம் இன்னும் என் காதுல இருக்கு.

அவளை அங்க நிறுத்தாதீங்க.

உங்க புருஷனைப் பெத்தவள்


பிப்ரவரி 17

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் என்னை "மேடம்" என்றும் "நீங்க" என்றும் எழுதியிருப்பதை நாலு தடவை படித்தேன். கோபத்தில் என்னைத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு கம்மி என்று சொன்னதா? உங்கள் சீரியல் நேரத்தில் நான் செய்தி வைத்ததா? பாத்ரூம் குழாயை இறுக்கி மூடுங்கள் என்று சீட்டு எழுதி ஒட்டினேனே, அதுவா? அது வாலுவுக்காக ஒட்டினது, சத்தியமாக. தலகாணி உறை விஷயம் எனக்கு இன்றுவரை தெரியாது. மீசைக்காரரிடம் கேட்டேன். "பெரியம்மா என்னை நல்லாத்தானே பாத்தாங்க, ஒரு வார்த்தை பேசினதில்லையே" என்று பாவம் அவர் முழிக்கிறார்.

தேன்கூட்டைப் பற்றி எழுதினீர்களே. எனக்கும் தூக்கம் போனது அதனால்தான். வருடா வருடம் பூக்கிற காலத்தில் வந்து, முதல் மழைக்குக் கிளம்பிவிடும். பகலில் யாரும் சீண்டாவிட்டால் ஒன்றும் செய்யாது. ராத்திரி விளக்குதான் ஆபத்து. விளக்கைப் பார்த்துக் கலைந்தால் மொத்தமாக இறங்கும். டைரக்டரிடம் சொன்னேன். "புகை போட்டுக் கிளப்பு" என்றார். வளைவின் உள்பக்கம் சுண்ணாம்புப் பூச்சில் பழைய பூ ஓவியம் இருக்கிறது, புகை பட்டால் கரி பிடித்துப் போய்விடும் என்றேன். "அப்ப மருந்தடி" என்றார். நாமே அச்சடித்துக் கொடுக்கிற கையேட்டில் கோட்டையின் இயற்கைச் செல்வம் என்று அந்தக் கூட்டின் படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறோம் சார் என்றேன். மழை வரை தள்ளிப்போடலாம் என்றும் சொன்னேன். "லீவு முடிஞ்சப்புறம் யாருக்கும்மா காட்டுறது, குரங்குக்கா?" என்றார்.

இப்போதைக்கு வளைவின் மேல் விளக்கு விழாது, தரையில் மட்டும் மங்கலாகப் போடுவோம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். வாலுவின் ஊசி மருந்து எப்போதும் என் கைப்பையில் இருக்கிறது.

போதுமா இது? போதாது என்றுதான் எனக்கும் படுகிறது. யாரிடம் சொல்வது?

உங்கள் மருமகள்


பிப்ரவரி 24

மேடத்துக்கு,

சரி, சொல்லிடறேன். சொல்லாம வெச்சிருந்தா நெஞ்சுல கல்லு மாதிரி இருக்கு.

அன்னைக்குக் காலையில நீங்க துணி காயப்போடப் போனீங்க. அந்தக் கரகர டப்பாவை, வாட்ச்மேனுங்களோட பேசுவீங்களே அந்த ரேடியோவை, சாப்பாட்டு மேஜையில வெச்சுட்டுப் போனீங்க. நான் வாலுவுக்குத் தலை பின்னி அனுப்பிட்டு வந்து உக்காந்தேன். அது பேச ஆரம்பிச்சுது. நான் கேட்டது ஒவ்வொரு வார்த்தையும் அப்படியே எழுதறேன், ஒண்ணுகூட என் சொந்தச் சரக்கு இல்ல.

மீசைக்காரன் சொன்னான்: "மாமியார் வந்து உக்காந்துட்டாங்கப்பா."

இன்னொருத்தன் சிரிச்சான்: "வந்தாச்சா? இனிமே மழை வரைக்கும் நகர மாட்டாங்க."

மீசைக்காரன்: "போன வருஷத்தை விடப் பெருசு. கருகருன்னு, பாத்தாலே பயமா இருக்கு."

அந்தக் கவுண்டர்க்காரி, அக்கா அக்கான்னு சொல்றீங்களே, அவ கேட்டா: "புகை போட்டுக் கிளப்பிட வேண்டியதுதானே?"

அப்புறம் நீங்க உள்ளே வந்தீங்க. நான் சமையல்கட்டுக்குள்ள போயிட்டேன். டப்பாவை எடுத்து நீங்க, உங்க வாயால, சொன்னீங்க: "மாமியாரை இப்போ யாரும் சீண்ட வேண்டாம். கிட்டப் போகாதீங்க. நான் டைரக்டர்கிட்ட பேசி என்ன பண்றதுன்னு முடிவு பண்றேன்."

நான் கறுப்புதான். குண்டுதான். வந்து உக்காந்தவதான். என் மகன் வீட்டுல நான் உக்காரக் கூடாதா? என்னைக் கிளப்பறதுக்கு ஒரு டைரக்டர் வேணுமா? யாரும் புகை போட வேண்டாம்னு நானே கிளம்பிட்டேன். இப்ப திருப்திதானே?

பேத்தி விஷயத்துல இதைக் கலக்காதீங்க. அவளை வாசல்ல நிறுத்தக் கூடாதுன்னா கூடாது.

வாலுவோட பாட்டி


மார்ச் 1

அத்தை,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். கவுண்டர் அக்கா தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

மாமியார் என்றால் நீங்கள் இல்லை. தேனீ.

பெரிய வாசலில் தொங்குகிற அந்தக் கூட்டுக்குத்தான் ரேடியோவில் மாமியார் என்று பேர். கூட்டத்துக்கு நடுவில் நின்று "தேனீ கலைஞ்சிருச்சு" என்று பேசினால் காதில் விழுந்தவன் அலறுவான், அவனைப் பார்த்து நூறு பேர் ஓடுவார்கள், படிக்கட்டில் மிதிபடுவார்கள். அதற்காக வைத்த பேர். "மாமியார் தூங்குறாங்க" என்றால் பயமில்லை. "முணுமுணுக்கிறாங்க" என்றால் கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வேறு பக்கம் திருப்ப வேண்டும். "எழுந்துட்டாங்க" என்றால் விளக்கெல்லாம் அணைத்து, தலையைத் துணியால் மூடிக்கொண்டு, எல்லோரும் பழைய தானியக் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். காட்சியில் நடிக்கிற பிள்ளைகளுக்குக்கூடப் போன மாதமே பழக்கிவிட்டோம். வாலுதான் எல்லோருக்கும் முன்னால் ஓடுவாள்.

எனக்கு முன்னால் இருந்த ஆபீசர் வைத்த பேர் இது. அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. நீங்கள் வீட்டில் இருக்கும்போது அதைச் சொல்கிறோமே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு வளைவுதான் ஞாபகம் வருமே தவிர நீங்கள் ஞாபகம் வர மாட்டீர்கள். நீங்கள் எனக்கு எப்போதும் அத்தைதானே. மாமியார் என்று நான் உங்களை ஒருநாளும் நினைத்ததில்லை.

வாருங்கள் அத்தை. வாலு தலையை அவளே பின்னிக்கொண்டு போகிறாள், ஒரு பக்கம் குதிரைவால், ஒரு பக்கம் எலிவால்.

உங்கள் மருமகள்


மார்ச் 7

மருமகளுக்கு,

லெட்டரை உன் நாத்தனாருக்குப் படிச்சுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சா. அவ சிரிச்சதுக்கு ரெண்டு நாள் அவளோட பேசல.

நம்பறேன். முழுசா இல்ல, முக்கால்வாசி. ஏன்னா நீ சொல்றது எல்லாத்துக்கும் ஒத்துப் போகுது. ஆனா ஒண்ணு கேக்கறேன். கல்யாணம் ஆகாதவனுக்கு மாமியாரைப் பத்தி என்ன தெரியும்? கொட்டுறதுக்கு வேற சொந்தமே கிடைக்கலயா அவனுக்கு? மச்சான்னு வெச்சிருக்கலாம். சம்பந்தின்னு வெச்சிருக்கலாம், பொருத்தமாவும் இருந்திருக்கும். அத்தனை வாட்ச்மேனும் நாள் பூரா என் பேரைச் சொல்லிச் சிரிச்சிருக்காங்க. எனக்கு இல்லேன்னாலும் எல்லா மாமியாருக்கும் அது அவமானம்தான்.

இன்னொண்ணு. உன் கையேட்டுல அந்தக் கூட்டுக்கு முழுப் பக்கம் படம்னு எழுதியிருக்கே. அந்த மாமியாருக்கு முழுப் பக்கம். இந்த மாமியாருக்குப் பாதி மூஞ்சி. நல்லா இருக்கு நியாயம்.

அந்தப் பேரை மாத்து. மாத்திட்டு எழுது. அப்புறம்தான் உன் வீட்டு வாசப்படி மிதிப்பேன். நான் ஒண்ணு சொன்னா சொன்னதுதான், உன் மாமனாரைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பார், அவர் இல்ல இப்ப.

அதை விட முக்கியம் வாலு. வேற யாராவது ராணியா நடக்கட்டும். நம்ம பிள்ளையை எடுத்துடு. இங்க அனுப்பு, நான் வெச்சுக்கறேன். ராத்திரி படுத்தா அந்த விசில் மூச்சு கேக்குது. எழுந்து பாத்தா உன் நாத்தனார் குறட்டை.

அத்தை


மார்ச் 13

அன்புள்ள அத்தைக்கு,

"மருமகளுக்கு" என்று பார்த்ததும் பாதி பாரம் இறங்கியது.

பேரை மாற்றிவிட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். மச்சான் என்றால் மீசைக்காரரின் மச்சான் இங்கேயே பார்க்கிங்கில் இருக்கிறார். சம்பந்தி என்றால் கவுண்டர் அக்கா சண்டைக்கு வருகிறார், அவர் மகளுக்குப் போன மாதம்தான் நிச்சயமாயிற்று. கடைசியில் யாருக்கும் வலிக்காமல் "விருந்தாளி" என்று வைத்தோம். வருடத்துக்கு ஒரு தடவை வந்து தங்கிவிட்டுப் போவதால் பொருத்தமாகவும் இருக்கிறது. "விருந்தாளி தூங்குறாங்க", "விருந்தாளி எழுந்துட்டாங்க". மீசைக்காரர் மட்டும் "நாக்கு பழகலியே மேடம்" என்று முனகுகிறார். பழகிவிடும். ஆக, இனி நீங்கள் தாராளமாக வரலாம்.

வாலு விஷயம் அப்படி முடியவில்லை அத்தை. நீங்கள் எழுதினதை நானும் யோசித்தேன். ஒரு ராத்திரி முடிவே பண்ணிவிட்டேன், காலையில் வேறு பிள்ளையைப் போடச் சொல்லிவிடலாம் என்று. காலையில் ஒத்திகைக்குப் போனேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள், கடைசியில் நிற்கிற குட்டிக்கு அட்டைக் கிரீடம் கண் வரை இறங்குகிறது. இவர்களில் யாரை என் பெண் நின்ற இடத்தில் நிறுத்துவது? ஆபீசர் தன் பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டாள் என்றால், அந்த இடம் ஆபத்து என்று எனக்குத் தெரியும் என்றுதானே அர்த்தம்? தெரிந்தால் எல்லாப் பிள்ளைகளையும் எடுக்க வேண்டும். எல்லோரையும் எடுத்தால் காட்சியே இல்லை. காட்சி இல்லையென்றால் நான் இந்த வேலையில் இல்லை, இந்தக் குவார்ட்டர்ஸும் இல்லை. உங்கள் மகன் திரும்பி வர இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது.

டைரக்டருக்கு மறுபடி எழுதினேன். பதிலில்லை. இருபதாம் தேதி சாயங்காலம் முழு ஒத்திகை. அன்றைக்கு விளக்கு போடும்போது கூடு அசைகிறதா என்று மீசைக்காரர் பக்கத்திலேயே நின்று பார்ப்பார். ஒரு தேனீ அசைந்தாலும் நான் நிறுத்திவிடுவேன்.

நிறுத்துவேன் அல்லவா? எழுதிவிட்டு நானே கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மருமகள்


மார்ச் 17

மருமகளுக்கு,

அவசரமா எழுதறேன். தபால்காரர் கீழே நிக்கிறார், லிப்ட் வேற வேலை செய்யல.

நம்ம பிள்ளையை மட்டும் எடுன்னு எழுதினேன். எழுதினது எழுதினதுதான், இல்லேங்கல. ஆனா அந்தக் கிரீடம் கண்ணு வரைக்கும் இறங்கின குட்டியை நீ ஏன் எழுதினே? இப்ப ராத்திரியில அதுவும் வந்து நிக்குது. அதுக்கும் ஒரு பாட்டி இருப்பா. அவளுக்கு எதுவும் தெரியாது. தெரிஞ்ச பாட்டி நான் ஒருத்திதான்.

எல்லாரையும் எடுத்துடு. வேலை போனா போகட்டும். என் மகன் கப்பல்ல சமைக்கிறான், நான் இங்க ஒரு வேளை கம்மியா சாப்பிட்டா யாருக்கும் தெரியாது. வீடு இல்லேன்னா உன் நாத்தனார் வீட்டுல பாய் விரிச்சுப் படுப்போம், அவ குறட்டைக்குப் பழகிக்கலாம்.

இது இருபதுக்குள்ள வந்து சேருமான்னு தெரியல. போன் பண்ணினேன். நானே பண்ணினேன். லைனே போகல, எல்லைக்கு வெளியேன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. நீயும் குளிக்கிறியா?

முழுக்கை சட்டை போட்டு விடு அவளுக்கு.

அத்தை


மார்ச் 23
ஆஸ்பத்திரி

அத்தை,

முதலில் இது. வாலு நன்றாக இருக்கிறாள். பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறாள். இதை ஒருமுறை படித்துவிட்டு மூச்சு விட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் மேலே படியுங்கள்.

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. போன் வந்ததே தெரியாது, கோட்டை மேல் சிக்னல் கிடையாது. இதைப் போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இருபதாம் தேதி மத்தியானம் டைரக்டர் சொல்லி அனுப்பினார். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் ஒத்திகையைப் பார்க்க வருகிறார், விருந்தினர் விடுதியில் சாப்பிட்டுப் படுத்திருக்கிறார், எழுந்ததும் கூட்டி வருகிறேன் என்று. நான் ரேடியோவை எடுத்து எல்லோருக்கும் சொன்னேன்: "விருந்தாளி வந்திருக்காங்க. விடுதியில தூங்குறாங்க. எழுந்ததும் பெரிய வாசலுக்கு வருவாங்க, எல்லாரும் தயாரா இருங்க." என் வாயால்தான் சொன்னேன். அந்த வார்த்தைக்கு ஒரு வாரமாக இங்கே வேறு அர்த்தம் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது.

இருட்டுகிற நேரம். தரை விளக்கு மட்டும் போட்டிருந்தோம். பிள்ளைகள் கிடங்குப் பக்கம் வரிசையில் நின்றார்கள், வாலு முதலில். நான் மேலே மதிலில் இருந்தேன். மீசைக்காரர் கூட்டுக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டின் ஓரம் திரைச்சீலை மாதிரி அவிழ்கிறது. நாங்கள் சொல்லிக்கொடுத்தபடியே அவர் ரேடியோவில் கத்தினார்: "விருந்தாளி எழுந்துட்டாங்க! விருந்தாளி எழுந்துட்டாங்க!"

விளக்குக்காரர் என்ன செய்வார்? பெரிய மனிதர் எழுந்து வந்துவிட்டார் என்று வாசலின் எல்லா விளக்கையும் ஒரே நேரத்தில் போட்டார். வளைவு முழுக்கப் பகல் மாதிரி. கவுண்டர் அக்கா பூங்கொத்தோடு வாசலுக்கு ஓடினார். யாரோ பாட்டைப் போட்டார்கள். "ராணி, நட!" என்று யாரோ சொன்னார்கள். வாலு நடக்க ஆரம்பித்தாள். நான் மேலிருந்து பார்க்கிறேன் அத்தை. அவள் கையை ஆட்டிக்கொண்டு, நீங்கள் பழக்கிவிட்ட மாதிரி நிமிர்ந்து நடக்கிறாள். பின்னாலேயே மற்றவர்கள். கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மீசைக்காரர் ரேடியோவைத் தூக்கி எறிந்தார். வெறும் தொண்டையில், கோட்டையே எதிரொலிக்கிற மாதிரி கத்தினார்: "மாமியார்! ஏ பிள்ளைங்களா, மாமியார்! மாமியார் எழுந்துட்டாங்க!"

அந்த ஒரு வார்த்தைதான். வாலு அப்படியே திரும்பினாள். ராணி சால்வையை இழுத்துத் தலையில் போட்டாள். கிரீடக் குட்டியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிடங்குக்கு ஓடினாள். அத்தனை பிள்ளைகளும் பின்னாலேயே. விளக்குக்காரர் எல்லாவற்றையும் அணைத்தார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அந்த இரைச்சல் மட்டும்தான்.

கிடங்குக்குள் ஒன்று இரண்டு நுழைந்துவிட்டது. வாலுவுக்கு மணிக்கட்டில் ஒரு கொட்டு. நான் தலையைத் துணியால் மூடிக்கொண்டு போய் ஊசியைப் போட்டேன். முதல் தடவை சரியாக இறங்கவில்லை. விசில் மூச்சு வந்தது. நீங்கள் எழுதினீர்களே, அதே மூச்சு. இந்தத் தடவை நான் மீட்டிங்கில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ராத்திரி கழித்து வீக்கம் வடிந்தது. கண் திறந்ததும் கேட்டாள்: "அம்மா, நிஜமா எந்த மாமியார் எழுந்தாங்க?"

மீசைக்காரருக்குத்தான் அதிகம். கடைசிப் பிள்ளை உள்ளே போகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். முகமும் மீசையும் ஒன்றாக வீங்கிக் கிடக்கிறார். பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள். டைரக்டர் அந்தப் பெரிய மனிதரோடு கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே இருந்தார். நேற்று அவரே போன் செய்து, காட்சி மழைக்குப் பிறகுதான் என்று சொல்லிவிட்டார். என் மேல் விசாரணை இருக்கிறது. இருக்கட்டும். என்ன கேட்டாலும் நடந்ததைச் சொல்வேன். ஒரு தேனீ அசைந்தாலும் நிறுத்துவேன் என்று எழுதினேன். அசையும்வரை ஏன் காத்திருந்தேன் என்பதுதான் எனக்கே நான் வைத்திருக்கிற விசாரணை.

கட்டில் ஓரத்தில், மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கஷ்டப்பட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 27

என் மருமகளுக்கு,

முதல் வரியைப் படிச்சேன். நீ சொன்ன மாதிரி மூச்சு விட்டேன். மேலே படிக்க ஒரு பகல் ஆச்சு. நடுவுல நடுவுல எழுந்து போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்தேன்.

நீங்க சொல்லித்தானே பேரை மாத்தினேன்னு நீ ஒரு வரிகூட எழுதல. எழுதாதது எனக்குத் தெரியுது. எழுதியிருந்தா சண்டை போட்டிருப்பேன். நீ எழுதாததால அது என்கிட்டயே இருக்கு.

அந்தப் பேரை அதுக்கே திருப்பிக் கொடுத்துடு. மீசைக்காரர் எழுந்து உக்காந்ததும் முதல்ல அவர்கிட்ட சொல்லு, பெரியம்மாவே சொல்லிட்டாங்கன்னு. அந்த ஒரு வார்த்தைக்கு அத்தனை பிள்ளைங்க நின்ன இடத்துல திரும்பி ஓடியிருக்குன்னா, நான் என்ன மரியாதை வேணும்னு அடம்பிடிச்சேனோ அதை விடப் பெரிய மரியாதை அது. அவர் நான் ஒரு வார்த்தை பேசினதில்லேன்னு சொன்னாராமே. வந்து பேசறேன். அவருக்குக் கஞ்சி நான்தான் வெப்பேன், ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் கொடுக்காதே.

விசாரணையில பயப்படாதே. நடந்ததை நடந்தபடி சொல்லு. யார் எந்த வார்த்தை சொன்னாங்கன்னு மறந்துட்டா என்னைக் கேளு. டைரக்டர் குரங்குக்கான்னு கேட்டது முதல் எல்லாம் உன் லெட்டர்ல இருக்கு, அது இல்லேன்னாலும் என் தலையில இருக்கு.

அதுக்காக எல்லாத்தையும் மறந்துட்டேன்னு நினைச்சுக்காதே. தலகாணி உறை அப்படியேதான் இருக்கு. போட்டோ விஷயமும் அப்படியேதான். வாலு வீட்டுக்கு வந்ததும் ஒரு போட்டோ எடுக்கணும், என் மூஞ்சி முழுசா விழணும், ஹால்ல மாட்டணும். பழசைக் கழட்டிடு.

புதன்கிழமை காலை பஸ்ல வர்றேன். உன் புருஷன் கேட்டா அம்மா குளிச்சு முடிச்சுட்டாங்கன்னு சொல்லு.

டப்பாவுல முன்கூட்டியே சொல்லி வை, மாமியார் வர்றாங்கன்னு. எந்த மாமியார்னும் சேத்துச் சொல்லு. நான் வாசல்ல வந்து நிக்கும்போது விளக்கை அணைச்சுட்டுத் துணியை மூடிக்கிட்டு ஒருத்தரும் கிடங்குக்குள்ள ஓடக் கூடாது.

வாலு மட்டும் ஓடி வரட்டும். இந்தப் பக்கமா.

இப்படிக்கு,
மாமியார்